வீட்டில் தீ: விளக்கும் அடுப்பும் புகை எச்சரிப்புக் கருவியும்

சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் சில கிழமைகளில் நீங்கள் செய்யும் வேலைகளில் பாதி நெருப்போடு சம்பந்தப்பட்டவை. வளவில் வளர்ந்துபோன பற்றையை வெட்டிக் கொளுத்தவேண்டும். கிடுகாலோ தகரத்தாலோ போட்ட கொட்டிலில் அடுப்பு மூட்டவேண்டும். மின்சாரம் வரும்வரை மண்ணெண்ணெய் விளக்கில் பொழுது போகும். கல்வீடு எழும்பியதும் வயர் இழுக்கவேண்டும். முகாமில் இருந்த காலத்தில் யாராவது கத்தினால் பத்துக் கொட்டில்காரர் ஓடிவந்தார்கள். இப்போது அடுத்த வீடு அரைக் கட்டை தள்ளி இருக்கலாம். அதுவும் ஆள் வராத வீடாக இருக்கலாம்.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கென்று தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. நகரத்தின் நடுவில் இருந்த சந்தைக்கே அந்த நிலை. அதன்பிறகு கிளிநொச்சிக்கும் தீயணைப்புப் பிரிவு வந்துவிட்டது. ஆனால் உட்கிராமத்து மண் வீதியில் மாரி காலத்தில் ஒரு பாரமான வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். கிடுகுக் கொட்டில் ஒன்று எரிந்து விழ அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை தீயை அணைப்பது பற்றிக் குறைவாகவும், தீ பிடிக்காமல் பார்ப்பது, பிடித்தால் வேளைக்கே அறிந்து எல்லோரும் வெளியே வருவது பற்றிக் கூடுதலாகவும் சொல்கிறது.

பற்றைக்குத் தீ வைக்க முன்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போர் நடந்த காணிகளில் வெடிக்காத எறிகணை, கைக்குண்டு, துப்பாக்கி ரவை, மிதிவெடி ஆகியவை மண்ணுக்குள்ளும் பற்றைக்குள்ளும் கிடக்கலாம். அவற்றைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். சூடு பட்டாலும் அவை வெடிக்கும். குப்பையைக் கூட்டி மூலையில் குவித்துக் கொளுத்தும்போது, குவியலுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பகுதியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அகற்றிய காணியாக இருந்தாலும் பற்றையை நின்ற நிலையில் கொளுத்தவேண்டாம். வெட்டி, நன்றாகப் பார்த்துத் துப்புரவாக்கிய வெறுந்தரைக்கு இழுத்து வந்து, சிறிது சிறிதாக எரியுங்கள். முடியுமானால் எரிக்காமல் பசளைக் கிடங்குக்குள் போடுங்கள். வீட்டுக் குப்பை எரிக்க ஒரே இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த இடத்தில் நிற்கவிடாதீர்கள். வளவில் கிடந்தெடுத்த இரும்புத் துண்டை, அது எவ்வளவு வசதியான வடிவத்தில் இருந்தாலும், அடுப்புக் கல்லாக வைக்கவேண்டாம்.

சிவப்பு அறிவித்தல் பலகை இருக்கும் பக்கமாகப் பற்றை தீப்பிடித்தால் அணைக்கப் போகாதீர்கள். ஆட்களையும் மாடுகளையும் தூரமாகக் கொண்டுபோய்விட்டு 119க்கு அறிவியுங்கள்.

குப்பி விளக்கு

இலங்கையில் எரிகாயத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளிலும் பெண்களிலும் மிகப் பலர் குப்பி விளக்கால் பாதிக்கப்பட்டவர்கள். காரணம் விளங்கிக்கொள்ள இலகுவானது. மருந்துக் குப்பியிலோ சோடாப் போத்தலிலோ மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளை போட்டுத் திரி செருகினால் விளக்கு. போத்தல் உயரம், அடி ஒடுக்கம், பாரம் குறைவு, மூடி இறுக்கமில்லை. காற்றோ பூனையோ பிள்ளையின் கையோ பட்டால் விழுகிறது; விழுந்தால் உருள்கிறது; உருளும்போது மூடி கழன்று எண்ணெய் கொட்டுகிறது; எண்ணெய் போகும் இடமெல்லாம் நெருப்பும் போகிறது. பாய், நுளம்புவலை, உடுப்பு எல்லாம் நிலத்தில்தான் இருக்கின்றன.

இந்த நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், விஜய கொடகும்புர, இப்படி எரிந்துவந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தபின் விளக்கையே மாற்றிச் செய்தார். அவருடைய பாதுகாப்பு விளக்கு கட்டையானது, தடித்த கண்ணாடியால் ஆனது, பாரமானது. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் உருளாது. மூடி உலோகத்தாலானது, புரியிட்டு இறுக்குவது. ஆகவே விழுந்தாலும் எண்ணெய் கொட்டாது. இந்த வேலைக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதே நியாயத்தை வைத்து நீங்களே தெரிந்தெடுக்கலாம்: கட்டையான, அடி அகன்ற, தடித்த கண்ணாடிப் போத்தல்; புரி மூடி; திரி துளைக்குள் இறுக்கமாக இருக்கவேண்டும். பழைய குப்பி விளக்குத்தான் இருக்கிறது என்றால், வாய் அகன்ற தகரப் பேணி ஒன்றை வெட்டி, அரைவாசிக்கு மணல் போட்டு, விளக்கை அதற்குள் புதைத்து வையுங்கள். செலவில்லாத வேலை இது.

எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்கு எண்ணெய் விடவேண்டாம். அணைத்து, ஆறவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே நிரப்பி வைத்துவிட்டால் இரவில் அந்தத் தேவையே வராது. மண்ணெண்ணெயோடு பெற்றோல் கலந்துவிட்டால் விளக்கு வெடிக்கும். பெற்றோல் வைத்த கலனில் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள், வழக்கத்துக்கு மாறாக மணக்கிற எண்ணெயை விளக்கில் விடாதீர்கள். நுளம்புவலைக்குள் விளக்கு வைத்துப் படிக்கும் பிள்ளையை எழுப்பி மேசைக்கு அனுப்புங்கள், மேசை இல்லாவிட்டால் முற்றத்துக்கு. நுளம்புத்திரியை வெறுந் தரையில், மணல் போட்ட தட்டில், பாயிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

விளக்கோடு சேர்ந்த இன்னொரு விஷயம். சோடாப் போத்தலில் வாங்கிய மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளைகள் குடித்துவிடுகிறார்கள். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்கவேண்டாம். வாந்தியில் எண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சூரிய ஒளி விளக்கு கிடைத்த குடும்பங்கள் அதைப் பிள்ளைகள் படிக்கும் நேரத்துக்கு மட்டும் என்று வைக்காமல், படுக்கும் இடத்தின் இராவிளக்காகவும் பாவியுங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு எரிகிற விளக்குத்தான் பயப்படவேண்டிய விளக்கு.

கொட்டிலும் குசினியும்

வாய்ப்பிருந்தால் குசினியைப் படுக்கும் கொட்டிலோடு ஒட்டாமல் தனியாகப் போடுங்கள். எந்தப் பக்கம் என்பதைக் காற்றைப் பார்த்து முடிவுசெய்யவேண்டும். எல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் சோளகம். வீட்டுக்குத் தென்மேற்கே அடுப்பு இருந்தால் பொறி நேரே கூரைக்கு வரும். தென்கிழக்கை அக்கினி மூலை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்பிக்கையை விட்டுப் பார்த்தாலும் அதில் ஒரு நன்மை இருக்கிறது: அங்கே இருக்கும் அடுப்பின் பொறியைச் சோளகம் வீட்டைத் தாண்டி வடகிழக்கே கொண்டுபோய்விடும். மாரியில் வீசும் வாடைக்கும் அது வீட்டுப் பக்கம் திரும்பாது.

அடுப்புக்குப் பின்னால் உள்ள கிடுகு வேலியின் உட்பக்கத்தைக் களிமண் குழைத்து இடுப்பளவுக்கு மெழுகுங்கள். அடுப்புக்கு நேர் மேலே கூரைக்குக் கீழே ஒரு தகரத்துண்டை, கூரையோடு ஒட்டாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் பொறி கிடுகில் ஏறாது. மூன்று கல் அடுப்பை விடக் களிமண்ணால் செய்த அனகி அடுப்பு நல்லது. நெருப்பு சட்டிக்கு அடியில் அடைந்து எரிகிறது, விறகும் குறைய முடியும். பன்னாடை, ஓலை, பொச்சு மட்டை எல்லாவற்றையும் அடுப்போரமாகக் காயப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாரியில் வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இரவு படுக்கப்போக முன் அவற்றை ஒரு பாகத் தூரத்துக்காவது தள்ளிவிட்டு, தணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போங்கள். காலையில் மூட்டத் தணல் வேண்டும் என்று சாம்பலால் மூடி வைப்பவர்கள் அதன்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

சமைக்கும்போது நைலோன், பொலியெஸ்ரர் உடுப்பைத் தவிருங்கள். அவை எரிவது மட்டுமல்ல, உருகித் தோலோடு ஒட்டும். பருத்திச் சட்டை நல்லது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். உடுப்பில் தீ பிடித்தால் ஓடக்கூடாது. நின்று, நிலத்தில் விழுந்து, உருளவேண்டும். பக்கத்தில் இருப்பவர் சாக்கு, பருத்திப் போர்வை எதையாவது போட்டு மூடலாம். இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே முற்றத்தில் செய்துகாட்டுங்கள்.

வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், ஒரு சாக்கு. அந்தத் தண்ணீரைக் கால் கழுவ எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். கொட்டிய மண்ணெண்ணெய் எரிந்தாலோ தாச்சியில் கொதித்த எண்ணெய் எரிந்தாலோ தண்ணீர் ஊற்றாதீர்கள். எரியும் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து சிதறும். மண்ணெண்ணெய்க்கு மணல், தாச்சிக்கு மூடி. மூடியபிறகு ஆறும்வரை திறந்து பார்க்கவேண்டாம்.

2021 கடைசியில் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் நாடு முழுக்க வந்தபின் பலர் விறகுக்குத் திரும்பினார்கள். காஸ் பாவிப்பவர்கள் செய்யவேண்டியது சிறிதுதான். சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இறப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்புத் தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. காஸ் மணந்தால் சிலிண்டரைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே போங்கள். அந்த நேரத்தில் சுவிட்சைப் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. இந்த வாயு காற்றை விடப் பாரமானது. நிலத்தோடு படிந்து நிற்கும்.

மின்சாரம் வந்தபிறகு

தூண் போட்டு இணைப்புத் தரும்வரை பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை மரத்துக்கு மரம் கட்டி இழுப்பது பல கிராமங்களில் நடக்கிறது. அது ஒரு குமிழுக்குப் போட்ட வயர். அதில் மின்விசிறி, ரீவி, தண்ணீர்ப் பம்பி என்று ஏற்றிக்கொண்டு போனால் வயர் சூடாகி உறை உருகும். உருகும் இடம் பெரும்பாலும் கூரைக்குள் இருக்கும், கண்ணில் படாது.

வீட்டுக்கு வயரிங் செய்யும்போது தகைமையுள்ள மின்னிணைப்பாளரைப் பிடியுங்கள். பியூஸ் போனால் செப்புக் கம்பியை முறுக்கிச் செருகவேண்டாம். பியூஸ் போவது உங்களுக்கு ஏதோ சொல்வதற்குத்தான். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழவேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். கைத்தொலைபேசியை மெத்தையிலோ தலையணைக்குக் கீழோ வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள். மின்சாரத் தீக்கு முதலில் மெயின் சுவிட்சை நிற்பாட்டவேண்டும். அதற்கு முன் தண்ணீர் ஊற்றுபவர் ஷொக் அடித்து விழுவார்.

புகை எச்சரிப்புக் கருவி

வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோர்வேயிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் ஒவ்வொரு வீட்டிலும் இது சட்டப்படி இருக்கவேண்டும். சாசரளவு வட்டப் பெட்டி, உள்ளே பற்றரி, புகை புகுந்தால் காது கிழியக் கத்தும். ஸ்மோக் அலாரம் என்பார்கள். அது தீயை அணைக்காது. எழுப்பிவிடும், அவ்வளவுதான்.

அந்த எழுப்புதல் ஏன் இவ்வளவு பெறுமதி? தூங்குபவரைப் புகை மணம் எழுப்பும் என்று நம்பமுடியாது. மூடிய அறையில் ஒரு மெத்தை தணல்போலப் புகையத் தொடங்கினால், சுடர் தெரிய முன்பே அதிலிருந்து வரும் நச்சுவாயு தூங்குபவரை மயக்கிவிடும். வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பலர் எரிந்து இறப்பதில்லை, புகையில் இறக்கிறார்கள். போரில் வீடிழந்தவர்கள் புது வீடு கட்டும்போது கதவும் யன்னல் கம்பியும் உறுதியாகப் போடுகிறார்கள், அறைகளைப் பூட்டிப் படுக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்வீட்டுக்குத்தான் இந்தக் கருவி நன்றாக உதவும்.

கிடுகுக் கொட்டிலுக்கு இதை வாங்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நாலு பக்கமும் காற்றுப் போகும் கொட்டிலில் புகை கருவிக்கு எட்ட முன் வெளியே போய்விடும். விறகடுப்புப் புகையோ நாள் முழுக்க அதைக் கத்தவைக்கும். அந்தக் காசுக்கு நல்ல விளக்கும் இரண்டு வாளியும் வாங்குங்கள். கல்வீடு கட்டி முடித்துக் கதவு பூட்டியபிறகு கருவியை யோசிக்கலாம்.

கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் மின்சாதனக் கடைகளில் விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டுவந்து தருவதாக இருந்தால், பற்றரியில் இயங்குவதையே கேளுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் வகை அங்குள்ள 120 வோல்ற்றுக்குச் செய்தது, எங்கள் 230 வோல்ற்றில் எரிந்துபோகும். ஒளியால் புகையை அறியும் வகை, மற்றதை விட மெதுவாகப் புகையும் தீயை வேளைக்கே பிடிக்கிறது, சமையல் புகைக்குக் குறைவாகக் கத்துகிறது. பெட்டியில் உற்பத்தித் திகதி இருக்கும். அதிலிருந்து பத்து வருடம்தான் அதன் ஆயுள். பழையதைக் கழற்றி அன்பளிப்பாகத் தந்தால் அந்தத் திகதியைப் பாருங்கள்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். தீ பிடிக்கும் இடம் குசினி என்று குசினிக்குள் போடுகிறார்கள். தாளிக்கும்போது கத்துகிறது, இரண்டாம் நாள் பற்றரியைக் கழற்றிவிடுகிறார்கள். கருவி இருக்கவேண்டியது ஆட்கள் படுக்கும் இடத்தில். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் படுக்கையறைகளுக்கு நடுவில், கதவு திறக்கும் விறாந்தையில் அல்லது ஹோலில் போடுங்கள்; அடுப்பிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி. சாமியறைக்கு வெளியே, சாம்பிராணிப் புகை நேரே வரும் இடமும் வேண்டாம். மின்விசிறிக்கும் யன்னலுக்கும் பக்கத்திலும் வேண்டாம், காற்று புகையைத் தள்ளிவிடும்.

சீலிங் அடித்த வீடு என்றால் சீலிங்கின் நடுப்பகுதியில், சுவரிலிருந்து ஒரு அடியாவது விட்டுத் திருகாணியால் பூட்டுங்கள். சீலிங் இல்லாமல் நேரே தகரமோ சீற்றோ போட்ட வீட்டில் கூரையில் பூட்டவேண்டாம். பகல் வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே சூடான காற்று தட்டாக நிற்கும். புகை அந்தத் தட்டைத் தாண்டி மேலே போகாமல் கீழேயே பரவிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் உட்சுவரில், சுவர் கூரையோடு சேரும் இடத்துக்கு ஒரு சாண் கீழே பூட்டுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் பார்க்கும் அதே நாளில் செய்தால் மறக்காது. பற்றரி மாற்றும் வகை என்றால் வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது மாற்றிவிடுங்கள். அதற்கு முன்பே நிமிடத்துக்கு ஒருதடவை ‘கீச்’ என்று சத்தம் வந்தால் பற்றரி முடிகிறது என்று அர்த்தம். கருவி பழுது என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். எங்கள் வீடுகளில் பல்லிக்கும் சிலந்திக்கும் குறைவில்லை, அவை உள்ளே கூடு கட்டும். மெல்லிய தூரிகையால் ஓட்டைகளைத் தட்டிவிடுங்கள். சுவர் பூசும் நாட்களில் கருவியைப் பொலித்தீனால் மூடி, வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். அதன்மேல் பெயின்ற் அடிக்கவேண்டாம். ரோச் லைற்றுக்கும் ரிமோட்டுக்கும் அதன் பற்றரியைக் கடன் வாங்கும் பழக்கம் வந்துவிட்டால் கருவி இருந்தும் இல்லாததுதான். காஸ் கசிவை இந்தக் கருவி அறியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூட்டியதும் ஒரு வேலை இருக்கிறது. பகல் நேரத்தில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, முன்கூட்டியே சொல்லிவிட்டு அதைக் கத்தவையுங்கள். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு நடுங்கும் ஆட்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். இது என்ன சத்தம், எதற்காக என்று முதலே தெரிந்திருக்கவேண்டும். எறிகணைச் சத்தத்தால் காது கேளாமற் போனவர்களை இந்தக் கருவி எழுப்பாது. அவர்களைத் தட்டி எழுப்பும் பொறுப்பை வீட்டில் ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

வெளியே வரும் வழி

சத்தம் கேட்டால் உள்ளே ஓடிப் பங்கருக்குள் படு என்று வருடக்கணக்காகப் பழகியவர்கள் நாங்கள். பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகளும் அதையே பழகியிருக்கலாம். பயந்த பிள்ளை கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் ஒளியும். தீக்கு இது நேர்மாறு: வெளியே, முற்றத்துக்கு, சொன்ன இடத்துக்கு. கிணற்றடி மாமரம் என்றோ படலையடி என்றோ ஓரிடத்தைக் குறித்து, அங்கே தலை எண்ணுவது என்று வையுங்கள். புகை நிறைந்த அறையில் தவழ்ந்து வரவேண்டும். நிலத்தோடு ஒட்டித்தான் மூச்சுவிடக்கூடிய காற்று இருக்கும். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் தவழ்ந்து வெளியே வரச் சொல்லிப் பாருங்கள். எது இடறுகிறது என்று அப்போது தெரியும்.

கதவைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவில் உள்ளே ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுப்பவர்கள் பலர். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், பூட்டவேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பூட்டுக்குப் பதிலாக உள்ளே திறாங்கு போடுங்கள். அதுவும் பத்து வயதுப் பிள்ளை இருட்டில் தடவித் திறக்கக்கூடிய உயரத்தில். பூட்டுத்தான் வேண்டுமென்றால் திறப்பை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில், கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். கம்பி போட்ட யன்னல்களில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாகச் செய்யும்படி வீடு கட்டும்போதே மேசனிடம் சொல்லுங்கள்.

காலை இழந்தவர், முதியவர், கைக்குழந்தையோடு படுக்கும் தாய் ஆகியோருக்குக் கதவுக்குக் கிட்டிய இடத்தைக் கொடுங்கள். செயற்கைக் கால் கழற்றியவர் அதையோ ஊன்றுகோலையோ கை எட்டும் தூரத்தில் வைத்துப் படுக்கவேண்டும்.

வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போவது பெரும்பாலும் பிள்ளைக்காக அல்ல, தலை எண்ணியாகிவிட்டது. உறுதிக்காகவும் அடையாள அட்டைக்காகவும் போகிறார். இடம்பெயர்ந்து ஒவ்வொரு கடதாசிக்காகவும் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. அதனால் இப்போதே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலோரம் மாட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பை கையோடு வந்தால் வரட்டும், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எரிகாயத்துக்கு

எரிந்த இடத்தில் உடனே குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றத் தொடங்கி இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை வெள்ளை, மஞ்சள் எதையும் பூசவேண்டாம். அவை சூட்டை உள்ளே அடைக்கும், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனையும் சேரும். மோதிரம், காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்க முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காமல் சுற்றி வெட்டிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் மூடி, உடம்பின் மற்றப் பகுதியைப் போர்த்தி, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முகம், கை, மூட்டு, அந்தரங்க உறுப்பு எரிந்திருந்தாலும், குழந்தையாக இருந்தாலும், புகையைச் சுவாசித்து இருமினாலும் காயம் சிறிதாகத் தெரிகிறதே என்று வீட்டில் வைத்திருக்கவேண்டாம்.

தீக்குப் பிறகு

கிராம அலுவலருக்கும் அண்மைப் பொலிஸ் நிலையத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம். எரிந்ததைத் துப்புரவாக்க முன் படம் எடுத்து வையுங்கள். அடையாள அட்டை எரிந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு கிராம அலுவலர் ஊடாக இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகள் பிரதேச செயலகத்திலும், பதிவுசெய்த உறுதியின் பிரதி காணிப் பதிவகத்திலும் கிடைக்கும். உறவினரிடம் கொடுத்த பிரதிகள் இருந்தால் பதிவிலக்கமும் திகதியும் அவற்றில் இருக்கும். அவற்றைக் கொண்டுபோங்கள், தேடும் வேலை குறையும்.